உள்ளிருந்து பூசிய வாசல்

சர்... சர்... பிறகு ஒன்றுமில்லை. மறுபடியும் சர்.

காட்டில் இருந்தவை எல்லாம் ஒரே பாஷையில் கதைத்த காலம் அது. பெண் இருவாட்சிகளும் மற்றப் பறவைகளைப் போலவே வாசல் திறந்த பொந்துகளில் அடைகாத்த காலம். பொழுது பட்டு, கிளிக் கூட்டம் கடைசியாகச் சண்டை போட்டு ஓய்ந்து, காடு அடங்கிய பிறகு, ஒரு பாலை மரத்தின் பட்டையைப் பிறாண்டிக்கொண்டு ஏதோ ஒன்று மேலே ஏறியது. பொந்துக்குள் இரண்டு முட்டைகளின் மேல் படுத்திருந்த இருவாட்சி சாம்பலி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"இஞ்சேருங்கோ," என்று வெளியே கிளையில் தூங்கிய கணவனை மெல்லக் கூப்பிட்டாள். "கேக்குதோ?"

சொண்டன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "என்ன?"

"கீழ ஆரோ ஏறுகினம்."

அவன் குரல் கேட்டதுமே சத்தம் நின்றுவிட்டது. சொண்டன் சிறிது நேரம் காது கொடுத்துவிட்டு, "காத்து. கொப்போட கொப்பு உரஞ்சுது. படு," என்றான்.

"காத்து நிண்டு நிண்டு ஏறுமோ?"

அவன் திரும்பவும் நித்திரையாகிவிட்டான். பகல் முழுக்கப் பழம் தேடிப் பறந்தவனைக் கோபிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அவள் கண்ணை மூடவில்லை. போன வருஷமும் அவள் கேட்டது இதே சத்தத்தைத்தான். அப்போது ஒரே ஒரு முட்டை. விடிய முன்னம் குளத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தவளுக்கு வெறும் பொந்துதான் மிஞ்சியது. உருண்டு விழுந்திருக்கும் என்றார்கள். அடை இருக்கத் தெரியாமல் இருந்திருப்பாள் என்றும் சொன்னார்கள். மரத்தடியில் மூன்று நாள் தேடினாள். ஓட்டுத் துண்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அந்தக் காடு ஒரு தீவில் இருந்தது, நாலு பக்கமும் கடல். மழைக்காலத்தில் எங்கிருந்தோ வந்து வெயிலோடு திரும்பிப் போகும் பறவைகள் உண்டு. அவற்றுக்கு அக்கரையிலும் சொந்தபந்தம் இருந்தது. இருவாட்சிக்கு அப்படி இல்லை. அவள் இனம் இந்தத் தீவைத் தவிர வேறெந்த மண்ணிலும் கிடையாது. இங்கே ஒரு முட்டை போனால் போனதுதான். வேறெங்காவது ஒரு சித்தியோ பெரியம்மாவோ அந்தக் குறையைத் தீர்க்கப் போவதில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முட்டை இட்டால் முகம் பார்க்க வருவார்கள். பறப்பவை, ஊர்பவை, நடப்பவை எல்லாவற்றுக்கும் அந்த உரிமை உண்டு. ஒரு பழமோ ஒரு பூச்சியோ கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே தலையை நீட்டிப் பார்க்கலாம். தாய் முட்டையை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால் வந்தவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். எல்லோரும் பார்த்த பிள்ளை எல்லோருக்கும் பிள்ளை, நாளைக்கு அது கூட்டிலிருந்து விழுந்தால் கண்டவர் தூக்கி வைப்பார் என்பதுதான் அதன் நியாயம். நல்ல நியாயம்தான். அதனால் எந்தப் பொந்துக்கும் கதவு கிடையாது.

மறுநாள் காலை மலைமைனா மாமி வந்தாள். அவளுக்குப் பின்னால் காட்டுக்கோழி, பறக்க வராத குறைக்குக் கொப்புக் கொப்பாய்த் தத்தி, மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"ஏன் பிள்ளை இவ்வளவு உயரத்தில குடியிருக்கிறாய்?" என்றாள் காட்டுக்கோழி. "உன்ர முட்டையைப் பார்க்கிறதுக்குள்ள நான் ஒரு முட்டை இட்டுடுவன் போல கிடக்கு."

மைனா மாமி தலையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். "ம். இந்த முறை ரெண்டு. கெட்டித்தனம்தான். இதுகளையாவது பத்திரமாய் வைச்சிருக்கிறியோ பார்ப்பம்."

சாம்பலிக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கேட்டாள். "மாமி, ராத்திரி மரத்தில ஆரோ ஏறுற சத்தம் உங்களுக்குக் கேட்டதோ?"

"எப்பிடிச் சத்தம்?"

சாம்பலி சொன்னாள். மைனாவுக்குத்தான் எந்தக் குரலும் வருமே. கழுத்தை நீட்டி, "சர்... சர்..." என்று அச்சொட்டாக அந்தச் சத்தத்தை எழுப்பினாள். சாம்பலி துள்ளி முட்டைகளின் மேல் விழுந்தாள். வந்தவர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பாவம், பயந்து செத்துப் போவாள் போல," என்றாள் காட்டுக்கோழி, சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

"தாயாகினால் மனசைத் திடப்படுத்த வேணும் பிள்ளை," என்று சொல்லிவிட்டு மைனா பறந்து போனாள்.

அன்று பொழுது சாயும் நேரம் மரநாய் வந்தான். அவன் பகலெல்லாம் உறங்குகிறவன் என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் அடிமரத்தில் கால் வைத்ததுமே சாம்பலியின் உடம்பு விறைத்தது. சர்... சர்... ஒரு நிறுத்தம். சர். மைனா செய்து காட்டியது போலவே இருந்தது. அவள் சொண்டனைப் பார்த்தாள். சொண்டனோ வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தான்.

"வாங்கோ மச்சான், வாங்கோ."

"பிந்திப் போனன், குறை நினைக்கக் கூடாது," என்றான் மரநாய். வாயில் கவ்வி வந்த பாலைப்பழக் கொத்தை மெதுவாகக் கீழே வைத்தான். "பகல்ல கண் முழிக்க ஏலாது தங்கச்சி. அதுதான். முகம் பார்க்கலாமோ?"

சொண்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாம்பலிக்கு எழும்ப மனமில்லை. எழும்பாமல் இருக்கவும் தெரியவில்லை. எத்தனை தலைமுறை வழக்கம்! அவள் ஒதுங்கிக் கொடுத்தாள். ஆனால் முட்டைகளுக்குப் பக்கத்திலேயே, அலகு அவன் கண்ணுக்கு நேரே இருக்கும்படி ஒதுங்கினாள்.

மரநாய் நெடுநேரம் பார்த்தான். பார்த்ததை விட மணந்ததுதான் அதிகம். அவன் முன்கால் பொந்தின் விளிம்பில் இருந்தது. அந்த நகங்களுக்கிடையில் பாலை மரப்பட்டையின் துணுக்குகள் இருந்தன. சில புதிது, சில காய்ந்து கறுத்தவை.

"நல்ல முட்டையள்," என்றான். "தங்கச்சி தண்ணி குடிக்க எப்ப போறது?"

"விடிய ஒருக்கா, பொழுதுபட ஒருக்கா," என்று முகத்தைத் திருப்பியபடியே சொண்டன் சொன்னான்.

மரநாய் இறங்கிப் போனதும் சாம்பலி சொன்னாள். "அவன்தான். போன வருஷமும் அவன்தான்."

"உனக்கு விசரே?" சொண்டன் குரலைத் தாழ்த்தினான். "பழம் கொண்டுவந்து வைச்சவனைப் பற்றிக் கதைக்கிற கதையோ இது? வெளியில கேட்டால் எங்கட வாசலுக்கு ஆர் வருவினம்?"

அதற்குப் பிறகு சாம்பலி பொந்தை விட்டு அசையவில்லை. ஒரு நாள் போனது. இரண்டாம் நாளும் போனது. கோடை வெயிலில் மரம் கொதித்தது. மூன்றாம் நாள் பின்னேரம் அவள் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது, கண் இருண்டது.

"நீ செத்தால் முட்டைக்கு ஆர் சூடு குடுக்கிறது?" என்றான் சொண்டன். "போய்க் குடிச்சிட்டு வா. நான் வாசலை விட்டு அரக்க மாட்டன். சத்தியம்."

அவள் போனாள். குளத்தில் நாலு மிடறுதான் குடித்தாள். திரும்பி வந்தபோது சொண்டன் சொன்னபடியே வாசலில் நின்றான். உள்ளே ஒரு முட்டை இருந்தது. மற்றது இருந்த இடம் ஈரமாக இருந்தது.

அவள் கத்தவில்லை. சொண்டன்தான் தடுமாறித் தடுமாறிப் பேசினான். "மச்சான் வந்தவர்... இன்னொருக்கா முகம் பார்க்கலாமோ எண்டு கேட்டவர். நான் திரும்பி நிண்டனான். வாசலில நிக்கிறவரைப் போ எண்டு எப்பிடிச் சொல்லுறது? போகேக்க வாய் திறந்து ஒண்டும் கதைக்கேல்லை. தலையை மட்டும் ஆட்டினவர்."

சொல்லி முடித்தபோதுதான் அவனுக்கே விளங்கியது, விருந்தாளி ஏன் வாய் திறக்கவில்லை என்று. அவன் தலை தானாகவே கவிழ்ந்தது.

சாம்பலி அந்த இரவு முழுவதும் மிஞ்சிய முட்டையின் மேல் கிடந்தாள். அழுது முடிந்தபின் பயம் மட்டும் மிஞ்சியது. அந்தப் பயத்தை இதுவரை எல்லோரும் சிரித்துத் தள்ளினார்கள். அவளும் வெட்கப்பட்டு அதை மறைத்து வைத்திருந்தாள். இப்போது முதல்முறையாக அது சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாள். கிழக்கு வெளுத்ததும் கணவனைக் கூப்பிட்டாள்.

"குளத்துக் களிமண் வேணும். கொண்டுவாங்கோ. நான் போதும் எண்டு சொல்லுமட்டும் கொண்டுவாங்கோ."

"என்னத்துக்கு?"

"வாசலைப் பூச."

அவன் திகைத்தான். பிறகு, "நான் வெளியில நிண்டு பூசுறன். நீ உள்ளுக்குப் படு," என்றான்.

"வேண்டாம். உங்களில எனக்குக் கோவமில்லை. வெளியில பூசின வாசலைத் திறவுங்கோ எண்டு ஆரும் உங்களைக் கேக்கலாம். கேட்டால் நீங்கள் திறப்பீங்கள். உங்கட மனம் அப்பிடி. உள்ளுக்க இருந்து பூசினால் நான் ஒருத்திதான் திறக்கலாம். நான் திறக்க மாட்டன்."

"சாப்பாடு?"

"உங்கட சொண்டு நுழையிற அளவுக்குக் கீறல் ஒண்டு விடுறன். நீங்கள் தரவேணும்."

சொண்டன் வாசலைத் தன் அலகால் அளந்து பார்த்தான். "நான் ஒரு நாள் வராமல் போனால்?"

"அப்ப நாங்கள் மூண்டு பேரும் இல்லை," என்றாள் சாம்பலி.

அவன் குளத்தை நோக்கிப் பறந்தான்.

பகல் முழுக்க வேலை நடந்தது. அவன் அலகு நிறைய மண் கொண்டுவந்தான். அவள் அதில் பழச் சதையையும் தன் எச்சத்தையும் குழைத்து, அலகின் பக்கவாட்டால், சுவருக்குச் சாணி அப்புவது போல அப்பி அப்பித் தட்டினாள். விளிம்பிலிருந்து வாசல் சுருங்கிக்கொண்டே வந்தது.

மைனா மாமி பார்த்துவிட்டாள். "உதென்ன புது வழக்கம்? இந்தக் காட்டில வாசலைச் சாத்தினவள் ஆர்? முகம் தெரியாத பிள்ளை நாளைக்கு விழுந்தால் ஆர் தூக்கிறது?"

சாம்பலி தட்டுவதை நிறுத்தவில்லை. "போன வருஷம் எல்லாரும் முகம் பார்த்தீங்கள் மாமி. இந்த முறையும் பார்த்தீங்கள். ஆர் தூக்கினது?"

எந்தக் குரலும் வரும் மைனாவுக்கு அப்போது ஒரு குரலும் வரவில்லை. கிளையை விட்டு எழும்பிப் போனாள்.

பொழுது சாய்ந்தது. தலையளவு இடைவெளிதான் மிச்சம் இருந்தது. சொண்டன் கடைசி உருண்டை மண்ணைக் கவ்விக்கொண்டு வந்து கிளையில் இறங்கினான். அப்போது அடிமரத்தில் சத்தம் கேட்டது. இந்த முறை அது நிற்கவே இல்லை. நேரே ஏறி வந்தது.

"தங்கச்சி," என்றான் மரநாய், மூச்சு வாங்காமல். "கேள்விப்பட்டு மனம் கேக்கேல்லை. ஆறுதலுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு, மிச்சத்தின்ர முகத்தையும் பார்த்திட்டுப் போவம் எண்டு வந்தனான்." பழக் கொத்தை வாசலடியில் வைத்தான்.

அந்தக் காட்டில் அதுவரை ஒரு வாசலிலும் யாரும் 'இல்லை' என்று கேட்டதில்லை. இடைவெளி வழியாகச் சாம்பலி கணவனைப் பார்த்தாள். வழக்கப்படி அவன் முகத்தைத் திருப்ப வேண்டும். கழுத்து ஒரு கணம் அசைந்தது. அவ்வளவுதான். அவன் திரும்பவில்லை. விருந்தாளியின் கண்களை நேரே உற்றுப் பார்த்தபடி, அவன் மூக்குக்கு முன்னாலேயே கழுத்தை நீட்டி, கடைசி மண்ணுருண்டையை மனைவியின் அலகில் வைத்தான்.

"மச்சான், இதென்ன மரியாதை?" என்றான் மரநாய்.

உள்ளேயிருந்து தப், தப் என்று மண் அப்பும் ஓசை மட்டும் வந்தது. மரநாய் ஒரு நகத்தை நீட்டி ஈர மண்ணைச் சுரண்டினான். சுரண்டிய இடத்தில் உள்ளிருந்து இன்னொரு அப்பல் விழுந்தது. கீறல் வழியாக அவளுடைய அலகு நுனி வெளியே வந்து அவன் விரலைத் தேடியது. அவன் காலை இழுத்துக்கொண்டான். சொண்டன் கிளையை விட்டு அரக்கவில்லை. கடைசியில் மரநாய் தான் கொண்டுவந்த பழத்தைத் தானே கவ்விக்கொண்டு இறங்கிப் போனான். கோடைக் காற்றில் மண் காய்ந்து மரத்தோடு மரமாக இறுகியது. உள்ளே சாம்பலி தன் பறக்கும் இறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்து முட்டைக்கு மெத்தை போட்டாள். வெளியே போகும் எண்ணம் மறந்தும் வரக் கூடாது என்று.

அந்தத் தீவின் இருவாட்சித் தாய் முட்டையிடும் காலத்தில் பொந்துக்குள் தன்னை வைத்துப் பூசிக்கொள்வதும், குஞ்சு வளரும்வரை ஆண் பறவை இளைத்து இளைத்துப் பழம் சுமப்பதும் அந்தக் கோடை தொட்டுத்தான். இன்றைக்குக் கழுத்தில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு பறவை பார்க்க வருகிறவர்கள் அந்தப் பாலை மரத்தடியில் எவ்வளவு நேரம் அண்ணாந்து நின்றாலும், ஒரு கீறலையும் அதற்குள் போகும் ஒரு பழத்தையும்தான் காண்பார்கள். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. அந்த வாசலின் தாழ்ப்பாள் உட்பக்கம் இருக்கிறது. அதைப் போட்டவள் தாய்.