நாற்பத்தொரு பல்

"ரெண்டையும் முன்னாடி வெச்சுட்டு எது வேணும்னு கேட்டா நான் எதைச் சொல்லட்டும், அம்மணி? ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்லை" என்றார் நஞ்சப்பன்.

சாந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நஞ்சப்பன் கண் டாக்டர். வயது அறுபத்துநாலு. பட்டறை வாசலில் நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அவருடையது. கூரை கிடையாது. இரண்டே சீட்டு. அவரைவிட நாலு வயதுதான் இளையது.

கோயம்புத்தூரில் பழைய கார்களின் பின் அச்சைத் திறக்கத் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. திறந்ததைச் சத்தம் வராமல் மூடத் தெரிந்தவள் சாந்தாமணி. அவளுக்கு நாற்பதுதான். நரைத்த மெக்கானிக்குகளே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவார்கள்.

பெஞ்சின் மேல் இரண்டு ஜோடிப் பல்சக்கரங்கள் இருந்தன.

ஒரு ஜோடியில், சின்னச் சக்கரம் நாலரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால் பின் டயர் ஒரு சுற்று வரும். மலை ஏறும். சமதளத்தில் எஞ்சின் கத்தும். இன்னொன்றில், நாலு சுற்றுக்குக் கொஞ்சம் கீழே. சமதளத்தில் சுகமாகப் போகும். மலையில் மூச்சு வாங்கும். பின் அச்சுக்குள் ஒரு ஜோடிக்குத்தான் இடம்.

"எங்கே போகோணுங்க?"

"அவினாசி ரோட்டுலயும் போகணும். கோத்தகிரிக்கும் போகணும்."

"மொதல்ல?"

நஞ்சப்பன் நடந்ததைச் சொன்னார்.

போன வருஷம் கோத்தகிரி மலைப்பாதை. ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் நின்றுபோனது. கார் பின்னால் உருண்டது. பக்கத்துச் சீட்டில் அவர் மனைவி சுலோச்சனா.

"கட்டைச்சுவத்துல போய் இடிச்சு நின்னுது. இல்லீன்னா ரெண்டு பேரும் இன்னிக்கு இல்லை."

சாந்தாமணி எழுந்து காரின் பின்புறம் போனாள். பம்பரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலால் தடவினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இதுக்கு வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

"அதைப் பத்திப் பேச்சே எடுக்காதேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். இப்ப பன்னெண்டாந் தேதி கோத்தகிரியில அவ தங்கச்சி வீட்டு விசேஷம். நீங்க ஓட்டுனா கார்ல வர்றேன், இல்லீன்னா பஸ்ல போறேன், இனிமே எங்க போனாலும் பஸ்தான்கறா."

அன்று எட்டாம் தேதி.

"காத்தால எந்திரிச்சதும் என்ன நெனப்புங்க?"

"அந்த வளைவுதான்."

"மத்தியானம்?"

"அதேதான்."

"பொழுது சாஞ்சா?"

"ஏன் அம்மணி நோண்டறே?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கண் டாக்டருக்கு மட்டும் வேறு கண்ணா இருக்கிறது?

நஞ்சப்பன் பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தார். புத்தம் புது ஜோடி.

"இந்த இழுபறியே வேண்டாம்னு நானே சொல்லி வெட்டி வாங்கினேன். பெருசுல நாப்பது பல்லு, சிறுசுல பத்து. சரியா நாலு. மலைக்கும் ஆகும், ரோட்டுக்கும் ஆகும். வகுத்தா மிச்சம் மீதி எதுவும் இல்லை."

அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் தெம்பு தெரிந்தது.

சாந்தாமணி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜோடியைப் பெஞ்சில் இருந்த இரும்புக் கூட்டுக்குள் பொருத்தினாள். சின்னச் சக்கரத்தில் ஒரே ஒரு பல்லுக்குச் சிவப்பு மை தடவினாள்.

"சுத்துங்க."

நஞ்சப்பன் சின்னச் சக்கரத்தைச் சுற்றினார். மை மங்க மங்க அவள் அதே பல்லில் மறுபடியும் தடவினாள். நூறு சுற்று ஆனது. டாக்டருக்கு வியர்த்துவிட்டது.

பெரிய சக்கரத்தில் நாலே நாலு பல் சிவந்திருந்தது. மற்ற முப்பத்தாறும் வந்தபடியே பளபளத்தன.

"மை பத்தலையா?"

"இன்னும் நூறு சுத்துங்க."

அதே நாலு.

அவள் அதைக் கழற்றி வைத்துவிட்டு மலைக்கான ஜோடியைப் பொருத்தினாள். பெரியதில் நாற்பத்தொன்று, சின்னதில் ஒன்பது. மறுபடியும் ஒரே பல்லில் மை.

"சுத்துங்க."

முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்தது. பிறகு இடைவெளிகள் நிரம்பின. ஐம்பது சுற்றுக்குள் பெரிய சக்கரம் முழுக்கச் சிவப்பு. டாக்டர் நம்பாமல் இரண்டு தரம் எண்ணினார். நாற்பத்தொன்று.

"இது எப்படி?"

"இதுல வகுத்தா மிச்சம் வருதுங்க."

"சரி, ஒரு பல்லுல சொட்டை விழுந்துட்டா?"

"உங்க நாப்பதுல, அது அடிச்ச பல்லையேதான் அடிச்சுட்டு இருக்கும்."

"இதுல?"

"எல்லாப் பல்லையும் போய்ப் பாத்துட்டு வரும்."

நஞ்சப்பன் தான் கொண்டுவந்த துணியை மடித்தார். விரித்தார். திரும்பவும் மடித்தார்.

"அப்ப இதையே போட்டுடலாங்கறியா?"

"பன்னெண்டாந் தேதி எந்த ரோட்டுலீங்க போறீங்க?"

"கோத்தகிரி ரோடு."

"அப்புறம் என்னங்க?"

"மறுபடியும் நின்னுட்டா? சுவர் இல்லாத எடமாப் பார்த்து நின்னுட்டா? அவ பக்கத்துல இருப்பாளே, அம்மணி." அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

சாந்தாமணி நாலு பல் சிவந்த சக்கரத்தை எடுத்து அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

அவர் சிவந்த பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். காத்தால, மத்தியானம், பொழுது சாஞ்சா, ராத்திரி.

போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"சுலோ, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு வண்டி பின்னால உருண்டுச்சே. அப்ப நீ என்ன பார்த்தே?"



"இதைக் கேக்க உங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சா?"

"சொல்லு. சுவத்துல இடிச்சப்ப..."

"எங்கே இடிச்சுது? சுவத்துக்கு இன்னும் ரெண்டு முழம் இருந்துச்சு. நீங்கதான் கைப்பிரேக்கை இழுத்து நிறுத்துனீங்க. கண்ணை இறுக்கி மூடிட்டு இருந்தீங்க, அதான் உங்களுக்குத் தெரியலை."