விருமன் சுமந்த தோற்பை

இன்றைய சிப்பாய் கூடாரத் துணியும் குண்டுகளும் சுமக்கிறான். அன்றைய ஈட்டிக்காரன் அரிசியும் கேடயமும் சுமந்தான். தன் முதுகில் இருப்பதை இருவராலுமே பார்க்க முடியாது. பின்னால் நடப்பவன்தான் பார்ப்பான்.

அப்படிப் பின்னால் நடந்தவன் ஒச்சன். முன்னால் போன விருமன் அவனுடைய அக்காள் புருஷன். பக்கத்தில் ஒச்சனின் தம்பி சடையன். எதிரியின் குதிரைகள் வருவதற்குள் பொட்டல்காட்டைக் கடந்து மலைக்கோட்டையை அடைய வேண்டிய சிறு படை அது.

புறப்படும்போது படைத்தலைவன், வாய் கட்டி அரக்கு வைத்த பெரிய தோற்பை ஒன்றை எல்லார் கண்முன்னும் விருமன் முதுகில் ஏற்றினான். "மலையடிவாரத்தில்தான் இதைத் திறப்போம்" என்று உரக்கச் சொன்னான். பிறகு விருமனிடம் தாழ்ந்த குரலில், "யார் கேட்டாலும் பதில் சொல்லாதே. சுமந்து வா, போதும்" என்றான். அருகில் நின்ற ஒச்சனுக்கும் அது கேட்டது. பையில் இருப்பது தண்ணீர், தண்ணீர் என்று வரிசை முழுக்கப் பேச்சு பரவியது.

உச்சிக்கு முன்பே அவரவர் சுரைக்குடுவை காலியாயிற்று.

"மச்சான் நடையைப் பாருண்ணே" என்றான் சடையன். "பை ஒரு தடவைகூடச் சலசலக்கல. பொண்ணு அழைப்புக்குப் போற மாதிரியில்ல போறாரு!"

ஒச்சன் சிரித்தான். விருமன் திரும்பவில்லை.

கிழக்கே ஓர் ஆட்டுத்தடம் பிரிந்தது. ஆடு போகிற வழியில் குட்டை இருக்கும். சடையனுக்குக் கால் பின்னத் தொடங்கியிருந்தது.

"மச்சான், இவனைக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போய்த் தண்ணி பார்த்துட்டு வர்றேன்."

"முதுகுல தண்ணி இருக்கையில நீ எங்கே மாப்ளே தேடப் போறே? அடிவாரம் வந்ததும் முதல் மடக்கு இவனுக்குத்தான்."

ஆட்டுத்தடம் பின்னால் போயிற்று.

வெயில் சாயும்போது சடையன் விழுந்தான். விருமன் மட்டும் நின்றான்; படை முன்னே போய்க்கொண்டிருந்தது. அவனிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்டுக் கெஞ்சிப் பார்த்த ஒச்சன், கத்தியை உருவித் தோற்பையைக் கிழித்தான். கொட்டியது மணல். ஏதோ கொட்டுவதைக் கண்டு சடையன் வாயைத் திறந்தான்.

விருமன் கிழிசலைக் கையால் பொத்தினான். "சத்தம் போடாதே மாப்ளே. தெரிஞ்சா அத்தனை பேரும் சிதறிடுவாங்க. குதிரைக்காரன் ஒவ்வொருத்தனா வெட்டுவான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தூக்கின உடனே."

ஒச்சன் சத்தம் போடவில்லை. சடையன் அங்கேயே இறந்தான். மற்றவர்கள் எல்லாரும் இருட்டுவதற்குள் மலைச்சுனையை அடைந்து பிழைத்தார்கள்.

மணலைக் கட்டிக் கொடுத்த தலைவன், தெரிந்தே சுமந்த விருமன், சலசலக்காத பையை நாள் முழுக்கப் பார்த்தும் நம்பிய ஒச்சன். சடையன் சாவு இவர்களில் யார் தலையில் விழும்?

விருமன் தலையில்தான். தலைவன் செய்தது ஏமாற்று. ஆனால் அவன் படையைக் காப்பாற்றச் செய்தான், தானும் நாக்கு வறள நடந்தான். ஒச்சன் நம்பியது சொந்த மச்சானை. விருமனுக்கு இட்ட கட்டளை வாய் மூடியிருப்பது. ஆட்டுத்தடத்தின் அருகே அவன் வாய் மூடியிருந்தால் அண்ணனும் தம்பியும் குட்டையைத் தேடிப் போயிருப்பார்கள். தண்ணீர் இருக்கிறது என்றது அவனுடைய சொந்தப் பேச்சு. ஒச்சனுக்கு இது தெரியும். ஊர் திரும்பியதும் அக்காள், "தம்பி கடைசியா ஒரு வாய் தண்ணியாவது குடிச்சானாடா?" என்று கேட்டாள். விருமன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மச்சான்தான் குடுத்தாரு" என்றான் ஒச்சன்.