மேலாளர் மிதித்த சைக்கிள்

சர்க்கரை ஆலைக்குப் புதிதாக வந்த மேலாளர் தணிகாசலத்துக்கு, ஒரு உத்தரவாவது போடாவிட்டால் காலைக் காபி உள்ளே இறங்காது.

அன்று ஆலைக்குத் தபால் எடுத்துவரும் ஊழியர் செண்பகவல்லி ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்து இறங்கியதுமே, மூச்சு வாங்கக்கூட விடாமல் ஆலை நர்ஸிடம் பிரஷர் பார்க்கச் சொன்னார். நூற்று அறுபது என்றாள் நர்ஸ்.

“நூத்தி நாப்பதைத் தாண்டினா சைக்கிள் வேலை கிடையாது. நிறுத்த வேண்டியவங்க பட்டியல்ல இவ பேரை எழுதும்மா!” என்றார் மேலாளர்.

“பிரஷர் ஏறாம மிதிக்கிற வித்தை எனக்குத் தெரியலைங்க ஐயா,” என்றாள் செண்பகவல்லி பணிவாக. “நீங்க ஒரு சுற்று ஓட்டிக் காட்டினா கத்துக்குவேன்.”

நாலு பேர் பார்க்கிறார்களே! மேலாளர் கையிலிருந்த வடையை வாயில் போட்டு, இரண்டாவது டம்ளர் காபியையும் ஊற்றிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். ஆலையைச் சுற்றிவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார். நர்ஸ் பார்த்தாள். நூற்று எண்பத்திரண்டு!

“காபி குடிச்சு, வடை தின்னு, சைக்கிள் மிதிச்ச கையோட பார்த்தா ஏறாதா? கொஞ்ச நேரம் உட்கார வெச்சுப் பாரும்மா!” என்று சீறினார்.

“அப்போ ஐயா பேரை என் பேருக்குக் கீழே எழுதச் சொல்லட்டுமா, இல்ல ரெண்டு பேருமே கொஞ்ச நேரம் உட்காரலாமா?” என்றாள் செண்பகவல்லி.

மேலாளர் பெஞ்சில் உட்கார்ந்து, நகர்ந்து அவளுக்கும் இடம் விட்டார்.