சிக்கலில் விட்ட கொடி

வானத்திலிருந்து குதிக்கத் துணிச்சல் வேண்டும் என்று சொல்வார்கள். மந்திக்குடி குஞ்சிதபாதத்துக்கும் செபமாலைக்கும் அமிர்தகடேசனுக்கும் துணிச்சல் இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. குதி என்றால் குதிப்பார்கள். பத்து எண்ணிவிட்டு இழு என்றால் பத்து எண்ணிவிட்டு இழுப்பார்கள். ஒன்பதில் இழுத்ததில்லை, பதினொன்றுக்குப் போனதில்லை. அவர்களுக்குப் பாராசூட் பயிற்சி கொடுத்த பத்மலோசனி மேடம், "இந்த மாதிரி மூணு பேரை நான் என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கொடி விஷயம் நடந்த பிறகும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார். குரல்தான் வேறு.

மந்திக்குடி என்பது நாகப்பட்டினம் பக்கத்தில் கடலோரமாக இருக்கிற ஊர். அங்கே பள்ளிக்கூடத்துக்கு நூற்றாண்டு விழா வந்தது. பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் சேர்ந்து நாற்பது நாள் உட்கார்ந்து இருபதடி நீளத்துக்கு ஒரு நீலக் கொடி தைத்தார்கள். அந்தக் கொடியோடு ஒரு ஆள் வானத்திலிருந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்று யாரோ கேட்க, தலைமையாசிரியர் தாயுமானவன் மேடத்துக்குப் போன் போட்டார்.

மேடம் கோயம்புத்தூர்க்காரர். விமானப் படையில் இருபது வருஷம் குதித்துவிட்டு, ஓய்வு பெற்று, திருவாரூர்ப் பக்கம் ஒரு பழைய ஓடுதளத்தைப் பிடித்துப் பயிற்சிக் கழகம் தொடங்கியிருந்தார். ஊரார் முன்னால் காட்டப்போகிற முதல் குதிப்பு இதுதான். நல்லபடியாக முடிந்தால் பத்து ஊரில் கூப்பிடுவார்கள். சொதப்பினால் கடையைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

அதனால் மூவரையும் உட்காரவைத்து நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"குஞ்சிதபாதம், கொடி உங்ககிட்ட இருக்கும். பைக்குள்ள மடிச்சு, வாரால இடுப்புல கட்டியிருக்கும். பாராசூட் விரிஞ்சு, எல்லாம் சரியா இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் பையைத் திறக்கணும். கொடி சுருண்டுக்காம நேரா தொங்கணும்னா, அடி முனையில நாலு கிலோ எடை வேணும். அது யார் தலையில பட்டாலும் காயம் ஆகக் கூடாது. மெத்துனு இருக்கணும்."

செபமாலை நோட்டில் எழுதிக்கொண்டான்.

"கடைசியா சொல்றதுதான் முக்கியம். சிக்கல் வந்தா ஒரு நொடிகூட யோசிக்காதீங்க. கத்தியை எடுத்து வாரை அறுத்துக் கொடியை விட்டுடுங்க. கொடி போனா இன்னொண்ணு தைச்சுக்கலாம். சிக்கல் வந்த பிறகும் அதைக் கட்டிக்கிட்டு இருந்தா உயிருக்கு ஆபத்து."

"சிக்கல் கண்டிப்பா வருமா மேடம்?" என்றான் குஞ்சிதபாதம்.

"வராமலும் போகலாம்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்படி மேடம் வராமப் போகும்?" என்றான் அமிர்தகடேசன் மெதுவாக. "நாம போற வழியில வந்துதானே ஆகணும்?"

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாதுகாப்புன்னா இப்படித்தான் நினைக்கணும்" என்று அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

கீழே கொடியைப் பிடிக்கிற பொறுப்பு பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் மீராசாவுக்கு. மூவருக்கும் சின்ன வயதில் 'இடம் திரும்பு' சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இவர்கள் இப்படி ஆனதில் அவருக்குப் பங்கு உண்டா என்று நான் சொல்ல மாட்டேன்.

"மேலேருந்து முதல்ல வர்றது தரையில படவே கூடாது சார். பிடிச்சு, மூணா மடிச்சு, மேடையில தலைமையாசிரியர் கையில கொடுத்துடுங்க" என்றார் மேடம்.

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் விழா நிகழ்ச்சிநிரல் எப்படியோ அப்படி."

மீராசா விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

அன்று சாயங்காலமே எடையைப் பற்றி வாக்குவாதம் வந்தது.

"மணல் போடலாம்" என்றான் செபமாலை.

"மணல் எங்கடா மெத்துனு இருக்கு? பஞ்சுதான் மெத்து" என்றான் அமிர்தகடேசன்.

"பஞ்சு கனமா இருக்காதே!"

"நாலு கிலோ பஞ்சு எத்தனை கிலோ இருக்கும்?"

செபமாலை வெகுநேரம் யோசித்தான். சந்தேகம் தீராமல் பஞ்சுக் கடைக்கே போய்க் கேட்டார்கள். நாலு கிலோ பஞ்சு நாலு கிலோதான் இருக்கும் என்று கடைக்காரர் தராசில் போட்டே காட்டினார்.

விழா நாள் காலையில் மேடம் ஓடுதளத்துக்கு வந்தபோது, விமானத்தின் கதவுக்குள் கல்யாண மெத்தை அளவுக்கு ஒரு மூட்டை பாதி நுழைந்து மாட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து இருவர் தள்ள, உள்ளிருந்து குஞ்சிதபாதம் இழுத்துக்கொண்டிருந்தான்.

"யாருப்பா இங்க படுக்கை கொண்டாந்தது?"

"படுக்கை இல்லை மேடம். எடை."

மேடம் கண்ணை மூடி ஐந்து எண்ணினார். பிறகு தாமே துணிப்பையில் நாலு கிலோ மணல் அள்ளித் தைத்து, "இதுவும் மெத்துனுதான் இருக்கும். வேணும்னா தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டுப் பார்த்தால் தலையில் பட்டால் எப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும்? அமிர்தகடேசன் அதைத் தூக்கித் தன் தலையில் மூன்று முறை போட்டுக்கொண்டான். "மெத்துனுதான் இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தான்.

மேடம் கொடிப் பையைத் தம் கையாலேயே குஞ்சிதபாதத்தின் இடுப்பில் கட்டி, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு, காரில் மந்திக்குடிக்குக் கிளம்பினார். ஒரு மணி நேரம் கழித்து விமானமும் கிழக்கே கிளம்பியது.

வானம் தெளிவாக இருந்தது. கீழே வயலும் வாய்க்காலும் நகர்ந்தன. செபமாலை ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தான். திடீரென்று அவன் முகம் வெளுத்தது.

"குஞ்சு! கோபுரம் தெரியுது. பக்கத்துல குளம். ரயில் பாதை."

"கீவளூரா இருக்கும்டா" என்றான் குஞ்சிதபாதம்.

"கீவளூர் அப்பவே போயிடுச்சு."

அமிர்தகடேசன் விமானியின் முதுகைத் தட்டினான். "சார், கீழ என்ன ஊரு?"

விமானி எட்டிப் பார்த்தார். "சிக்கல்."

நாகப்பட்டினத்துக்குப் போகிற வழியில் சிக்கல் என்று ஓர் ஊர் இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரரான மேடத்துக்கு அது தெரியாது என்று அந்த மூவருக்கும் தெரியாது.

"வந்துட்டுதுடா!" என்றான் குஞ்சிதபாதம். பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "நாற்பது நாள் தைச்ச கொடிடா. எங்க அக்காவே ஓரம் அடிச்சுக் கொடுத்துச்சு. ஊரைத் தாண்டி அந்தப் பக்கம் போயிட்டா என்னடா?"

செபமாலை நோட்டைப் பிரித்து வாசித்தான். "சிக்கல் வந்த பிறகும் கட்டிக்கிட்டு இருந்தா உயிருக்கு ஆபத்து. ஒரு நொடிகூட யோசிக்காதே."

"நாம அரை நிமிஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கோமே!" என்று பதறினான் அமிர்தகடேசன்.

"அப்ப இதுவரைக்கும் யோசிச்சதை விட்டுடுவோம். இனிமே யோசிக்க வேண்டாம்."

குஞ்சிதபாதம் கண்ணீர் வழியக் கத்தியை எடுத்து வாரை அறுத்தான். பை மடியிலிருந்து நழுவியது.

"வெளிய போடணுமா?"

செபமாலை நோட்டைப் பார்த்தான். "விட்டுடுன்னுதான் இருக்கு. போடுன்னு இல்லை."

ஆகவே பையை விமானத்துக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். உயிர் பிழைத்த நிம்மதியில் மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

மந்திக்குடி மைதானத்தில் மூவாயிரம் பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் குஞ்சிதபாதம், பின்னால் மற்ற இருவர் என்று மூன்று குடைகள் அழகாக விரிந்தன. கைதட்டல் காதைப் பிளந்தது. மேடம் மட்டும் கைதட்டவில்லை. ஒலிபெருக்கியைப் பிடுங்கி மேலே பார்த்துக் கத்தினார்.

"குஞ்சிதபாதம்! கொடி எங்க?"

காற்றோடு பதில் இறங்கி வந்தது. "சிக்கல்ல விட்டுட்டோம், மேடம்!"

"என்ன சிக்கல்?"

"கோயில் இருக்கே, அந்தச் சிக்கல்!"

மேடம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த ஆசிரியை ஊர் விவரத்தைச் சொல்லச் சொல்ல அவருக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஏதோ வந்தது. உடனே விமானிக்குப் போன் போட்டார். பை பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஓடுதளத்துக்குப் பறந்தார்.

அவர் போனதுதான் தவறு.

மேலேயிருந்து முதலில் வந்தது குஞ்சிதபாதம். மீராசாவும் ஆறு ஆசிரியர்களும் ஓடிப்போய், அவன் கால் தரையைத் தொடுவதற்கு அரை அடி முன்னால் லாவகமாகப் பிடித்துவிட்டார்கள். வாரிலிருந்து குடையை மட்டும் கழற்றி வைத்தார்கள்.

"சார், நான் நடந்தே வர்றேன்" என்றான் குஞ்சிதபாதம்.

"தரையில படக்கூடாதுன்னு உத்தரவு" என்றார் மீராசா.

உத்தரவு என்றதும் அவன் தானே காலை மேலே தூக்கிக்கொண்டான். அடுத்து மடிப்பு. மூன்றாக எப்படி மடிப்பது என்று ஆசிரியர்கள் திகைத்தபோது கணக்கு ஆசிரியர்தான் வழி சொன்னார். இடுப்பில் ஒரு மடிப்பு, முழங்காலில் ஒரு மடிப்பு, மொத்தம் மூன்று பாகம். கச்சிதமாக வந்தது. அப்படியே மேடைக்குத் தூக்கிக்கொண்டுபோய்த் தலைமையாசிரியர் கையில் கொடுத்தார்கள். தாயுமானவன் நாற்பத்தெட்டு கிலோ. குஞ்சிதபாதம் எழுபது. வாங்கிய வேகத்தில் இருவரும் நாற்காலிக்குள் போய்விட்டார்கள். தலைமையாசிரியருக்குப் பேச மூச்சு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி அறிவித்தது: "அடுத்ததாக, கொடியேற்றம்!"

நிகழ்ச்சிநிரலை மீறுகிற ஆள் இல்லை மீராசா. குஞ்சிதபாதத்தின் தோளிலும் தொடையிலும் பாராசூட் வார் இன்னும் இறுக்கமாக இருந்தது வசதியாகப் போயிற்று. படகுக் கயிற்றை அதில் மாட்டி, ஆறு ஆசிரியர்களும் இழுக்க, இரும்புக் கம்பத்தில் அவன் பத்தடி உயரம் போனான். கூட்டம் எழுந்து நின்று பள்ளிப் பாட்டுப் பாடியது. அவனும் பாடினான்.

மேடம் உண்மையான கொடியோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு.

"அவரை முதல்ல இறக்குங்க!"

"அது முடியாதே, மேடம்" என்றார் மீராசா பணிவாக. "ஏத்தின கொடியைச் சூரியன் மறையறப்பதான் இறக்கணும். அதுதான் முறை."

"முறைதான் மேடம்" என்று மேலேயிருந்து குஞ்சிதபாதமும் சொன்னான். "எனக்கு இங்க ஒண்ணும் சிரமமில்லை."

கடல் காற்று நன்றாகத்தான் வீசிக்கொண்டிருந்தது. அது நின்றுபோகிற நேரத்தில் மட்டும் அவன் இரண்டு கைகளையும் மெல்ல ஆட்டிக்கொண்டான்.