கார்த்திகையில் ஒரு கொலு

"தாயே, ஊர்ல ஒரு மெழுகுவத்தி இல்ல!"

மடத்து வாசலில் சட்டநாதன் மூச்சு வாங்க நின்றார். கையில் குடை. குடையில் கம்பி மட்டும்தான் பாக்கி. துணியைக் காற்று கொண்டுபோய்விட்டது.

நிலையம்மை வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்க சட்டநாதரே."

"உட்காரவா? பொழுது சாயறப்ப புயல் கரையைக் கடக்குதாம். ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருக்கான். பிரெட் இல்ல, பேட்டரி இல்ல, தண்ணி கேன் இல்ல. கடைத்தெருவுல ஒரு தீப்பெட்டிக்கு நாலு பேர் சண்டை. நான் போய் நின்னதும் கடைக்காரர் ஷட்டரை இறக்கிட்டார்!"

"தீப்பெட்டி யாருக்குக் கிடைச்சுது?"

"தாயே!"

குருவுக்கு முப்பத்தைந்து வயது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊர் இதைப் பற்றி நிறையப் பேசியது. அவர்கள் இருவரும் பேசவில்லை. சீர்காழிக்குக் கிழக்கே, கடற்காற்று எட்டுகிற ஊர் அது. மடம் என்றால் யானை கட்டிய மடம் இல்லை. ஒரு கூடம், ஒரு அடுப்பு, வந்தவர்களுக்குச் சோறு. அந்த அம்மாள் எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். ஊர் அவளுக்குச் 'சிரிப்புச் சாமி' என்று பெயர் வைத்திருந்தது.

சட்டநாதன் சிரிக்கிற நிலையில் இல்லை.

"வீட்டுல பொண்ணு பொற்கொடி இருக்கா தாயே. தலைப்பிரசவம். வயித்துல தையல் இன்னும் ஆறல. பேர்கூட வைக்காத பொண் குழந்தை. எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போயிடலாம்னா பாலத்தை அடைச்சுட்டாங்க. வாய்க்கால் இப்பவே கரையைத் தொடுது. தளம் போட்ட வீடு, காத்துக்குத் தாங்கிடும். ஆனா தண்ணி உள்ள வந்தா? ஏறி நிக்க மாடி இல்ல, மாடிப்படியும் இல்ல. அந்தப் பச்சை மண்ணை நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

சொல்லிவிட்டு அழுதார். அறுபது வயது மனிதர், பேத்திக்காக, வாய்விட்டு அழுதார்.

நிலையம்மை கத்தியைக் கீழே வைத்தாள்.

"கடையில என்னென்ன இல்லன்னு சொன்னீங்க. வீட்டுல என்ன இருக்கு?"

"வீட்டுல ஒண்ணுமில்ல தாயே."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல."

அவள் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டாள்.

"வாங்க. அந்த ஒண்ணுமில்லாத வீட்டைப் பார்த்துட்டு வருவோம்."

*

வீட்டில் சட்டநாதனின் மனைவி மங்கை சாமி படத்துக்கு முன் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கை. அறைக்குள் பொற்கொடி குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. யாருக்கும் எழுந்து நடக்கக்கூடத் தெம்பில்லை.

நிலையம்மை வாசலில் நின்றே குரல் கொடுத்தாள்.

"மங்கை அக்கா! மாயவரத்துலேர்ந்து உங்க சம்பந்தியம்மா கிளம்பிட்டாங்களாம்! பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவாங்களாம்!"

மங்கை எழுந்த வேகத்தில் குத்துவிளக்கு ஆடியது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சம்பந்தி அபயாம்பாள் சாதாரணப் பிறவி இல்லை. பொற்கொடியின் கல்யாணத்தில் இருபத்தேழு பதார்த்தம் பரிமாறினார்கள். அத்தனையும் சாப்பிட்டுவிட்டு, "ஊறுகாய்க்கு ஸ்பூன் போடலையே?" என்று கேட்டவர். அவர் வருகிறார் என்றால் மங்கைக்கு முதல் நாளே காய்ச்சல் வந்துவிடும்.

"ஐயோ, வாசல் சாக்கடை அடைச்சு நாறுதே! ஏங்க, மரம் மாதிரி நிக்கிறீங்களே, மம்மட்டியை எடுங்க!"

சட்டநாதன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். குரு உதட்டில் விரலை வைத்தாள். அவர் மம்மட்டியை எடுத்தார்.

குப்பையும் தழையும் வாரிப் போட்டதும் தெருத் தண்ணீர் கடகடவென்று ஓடியது.

"கொல்லையில பாருங்க, ஓட்டைத் தகரம், காலொடிஞ்ச நாற்காலி, உடைஞ்ச தொட்டி! நம்ம மானம் போக வேற என்ன வேணும்? எல்லாத்தையும் கட்டி உள்ள தள்ளுங்க!"

தள்ளினார். காற்று வந்தால் தூக்கி எறிய அங்கே இனி ஒரு துரும்பு இல்லை.

"அந்தம்மா குளிக்க ரெண்டு அண்டா தண்ணி வேணுமே! கரண்ட் இருக்கறப்பவே மோட்டாரைப் போடுங்க. பரண்ல என் சீர் அண்டா இருக்கு, இறக்குங்க!"

மங்கையின் கல்யாணத்தில் வந்த பித்தளை அண்டாக்கள் அவை. பழைய புடவை சுற்றி அன்று ஏற்றியவை, இன்றுதான் இறங்கின. இத்தனை வருஷத்தில் அவற்றுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததில்லை. 'நல்ல நாளுக்கு ஆகும்' என்று மங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள், நல்ல நாள் வந்து வந்து போய்க்கொண்டே இருந்தது.

அண்டா நிறைந்தது. குடங்களும் நிறைந்தன.

"சாப்பாடு?" என்றாள் நிலையம்மை, ஒன்றும் தெரியாதவள் போல.

"புளியோதரை கிளறிடறேன். ரெண்டு நாளானாலும் ஊசிப்போகாது. ஊசிப்போச்சுன்னு சொல்லவும் முடியாது!"

அடுப்பு எரிந்தது. பெருங்காயம் மணத்தது. வீட்டுக்கு உயிர் வந்துவிட்டது.

"கரண்ட் போயிடுமே அக்கா?"

"போனா என்ன? இருட்டுல உக்கார வச்சாங்கன்னு மாயவரம் பூரா சொல்லவா? ஏங்க, அந்தக் கூடையை எடுங்க!"

கூடை வந்தது. கூடை நிறைய அகல் விளக்கு. போன வாரம்தான் கார்த்திகை தீபத்துக்கு ஏற்றியது. பக்கத்திலேயே நல்லெண்ணெய், திரி, ஒரு பொட்டலம் தீப்பெட்டி.

ஒரு மெழுகுவத்திக்காகக் காலையிலிருந்து ஊரைச் சுற்றிய சட்டநாதன் தலையில் அடித்துக்கொண்டார். குரு அவர் பக்கம் திரும்பவே இல்லை, திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

"பீரோவைத் திறந்து பார்க்கிற ஆளாச்சே அந்தம்மா" என்று மங்கை அங்கேயும் ஓடினாள். "வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, கொடியோட ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அடித்தட்டுல குவிஞ்சு கெடக்கு!"

நிலையம்மை ஒரு மூடி போட்ட தூக்கை அவளிடம் நீட்டினாள். காகிதமெல்லாம் தூக்குக்குள் போயிற்று. தூக்கு உத்தரக் கொக்கிக்குப் போயிற்று.

அப்போது சட்டநாதன் ஒரு காரியம் செய்தார். யாரும் சொல்லவில்லை. ஸ்டூலில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். உள்ளறைக் கடிகாரத்தையும் கழற்றினார். இரண்டு பேட்டரியையும் உருவி, செத்துக் கிடந்த டார்ச்சில் போட்டார். டார்ச் பளிச்சென்று எரிந்தது.

"கடிகாரத்தை ஏங்க நிறுத்தறீங்க?"

"மணி தெரிஞ்சா சம்பந்தியம்மா சீக்கிரம் கிளம்பிடுவாங்க."

நிலையம்மைக்குப் புரை ஏறிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

*

காற்று வலுத்து ஊதத் தொடங்கியது. தென்னை மட்டைகள் ஒரே பக்கம் சாய்ந்தன.

மங்கை கரண்டியோடு வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தாள்.

"இந்தக் காத்துல அந்தம்மா எப்படி வருவாங்க?" திரும்பினாள். "அம்மா, நெசமாச் சொல்லுங்க. எந்தச் சம்பந்தி?"

நிலையம்மை கிழக்கே கையைக் காட்டினாள். கடல் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

"அதோ வர்றார். பெரிய கோபக்காரர். எங்கயாவது ஒரு குறை கிடைக்குமான்னு பார்ப்பார்."

மங்கை கரண்டியை ஓங்கினாள். அப்படியே நின்றாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நல்ல சாமி வந்து வாய்ச்சீங்க எங்களுக்கு!"

"சிரிக்க வைக்காதீங்கம்மா, தையல் வலிக்குது!" என்று உள்ளேயிருந்து பொற்கொடி கத்தினாள்.

சிரிப்பு அடங்கியபோது தெருவில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. சாக்கடை தாங்கவில்லை. வாய்க்கால் கரை உடைந்துவிட்டது.

சட்டநாதன் முகம் வெளுத்தது.

"எல்லாம் ஆச்சு தாயே. குழந்தை? கட்டில் முழங்கால் உயரம்கூட இல்லையே."



"பரண்ல இன்னும் என்ன இருக்கு?" என்றாள் குரு.

"கொலுப்படி" என்றார் சட்டநாதன்.

"அது வேணாம்" என்றாள் மங்கை.

குரல் மாறியிருந்தது.

"எங்கப்பா தேக்குல இழைச்சுக் கொடுத்த படி. நவராத்திரிக்குத் தவிர அது கீழ இறங்கினதில்ல. அம்பாள் உக்கார்ற இடத்துல மனுஷக் கால் படறதா? அதுவும் தீட்டு கழியாத வீட்டுல? நான் மாட்டேன். அம்பாள் பொறுக்க மாட்டா."

சட்டநாதன் குருவைப் பார்த்தார். குரு வாதாடவில்லை. உள்ளே போனாள். சுவரோரம் இருந்த முறத்தை எடுத்தாள். பழம்புடவையை நாலாக மடித்து அதில் விரித்தாள். பொற்கொடியிடமிருந்து குழந்தையை வாங்கி அதில் கிடத்தினாள். முறத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மங்கையின் முன் நின்றாள்.

"அக்கா, கொலுவுல மேல்படியில யாரை வைப்பீங்க?"

"கலசம் வச்சு, அம்பாளைத்தான்."

"ம்" என்றாள் நிலையம்மை.

அவ்வளவுதான். முறத்தில் குழந்தை கொட்டாவி விட்டது. கண்ணைத் திறந்து மங்கையைப் பார்த்தது.

மங்கை விரலால் அதன் கன்னத்தைத் தொட்டாள்.

"ஏங்க" என்றாள். "ஸ்டூலைப் போடுங்க. அடியில பார்த்துப் பிடிங்க, ஒரு பலகை விழுந்தாலும் உங்களைச் சும்மா விடமாட்டேன்."

*

ஏழு படி. நாலு பேர் ஏறினாலும் அசையாத தேக்கு. மெயின் சுவிட்சை அணைத்தார்கள். காஸை மூடினார்கள். அகல்களை ஏற்றிச் சுவர் மாடங்களில் வைத்தார்கள்.

மேல்படியில் முறம். அதற்கு அடுத்ததில் பொற்கொடி, ஒரு கை முறத்துக்குள். அடுத்து மங்கை. அதற்கும் கீழே நிலையம்மை. கடைசியாக, மூன்றாம் படியில் சட்டநாதன், மடியில் புளியோதரைப் பாத்திரம். கீழ் இரண்டு படியிலும் வெள்ளம் ஏறிவிட்டது.

வெளியே புயல் கத்தியது. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. எல்லோருக்கும் பயம்தான். பயமில்லை என்று சொன்னால் அது புளுகு.

அகல் வெளிச்சத்தில் பொற்கொடி அப்பாவைப் பார்த்தாள். கீழே, தொப்பையும் பாத்திரமுமாக.

"அப்பா, நீங்க அசல் செட்டியார் பொம்மைதான்."

மங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் பிரயோஜனமில்லை. வெள்ளத்துக்கு நடுவே அந்தக் கொலு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. குரு சிரிக்கவில்லை. அவள் தூங்கிப்போயிருந்தாள்.

தண்ணீர் இரண்டாம் படியோடு நின்றது.

*

விடிந்தபோது வெள்ளம் கணுக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. மழை விட்டிருந்தது. தெருவில் ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது.

டிராக்டர் வாசலில் நின்றது. புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஓர் அம்மாள் இறங்கினார். ஒரு கையில் பால் தூக்கு, ஒரு கையில் பை.

மங்கை அலறினாள்.

"ஏங்க! நெசமாவே வந்துட்டாங்க!"

சம்பந்தி அபயாம்பாள் நிலைப்படியில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. போன் கிடைக்காமல் தவித்து, விடியுமுன் கிளம்பியவர் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? அந்தக் கண் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. சுவரில் ஈரக்கோடு. நிறைந்த அண்டா. அணைந்த அகல்கள். கொக்கியில் தூக்கு. பிறகு கொலுப்படி. படியில் மருமகள். மேல்படியில், முறத்தில், கையைக் காலை உதைத்துக்கொண்டு பேத்தி.



"ஒரு குறை இருக்கு" என்றார் அபயாம்பாள்.

மங்கை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சொல்லுங்க சம்பந்தி."

"கொலு வச்சிருக்கீங்க. ஒருத்தரும் பாடலையே."

பால் தூக்கைப் பையோடு ஜன்னல் திட்டில் வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கணுக்கால் சேற்றில் நின்றபடியே மேல்படியைப் பார்த்துத் தாலாட்டுப் பாட ஆரம்பித்தார். குரல் கட்டிக்கொண்டது. நடுவில் அழுகை வந்து அடி மறந்தது. அவர் நிறுத்தவில்லை. முறத்தில் உதைத்த கால் அடங்கியது. குழந்தை கேட்டது.

பாட்டு முடிந்தது. மங்கை சந்தோஷத்தில் கண்ணீர் வழிய, கையைப் பிசைந்தாள்.

"ஐயோ, சுண்டல்கூடப் பண்ணலையே! கொலுவுக்குப் பாடினவங்களுக்குக் கொடுக்க வீட்டுல ஒண்ணுமில்லையே!"

நிலையம்மை ஒரு கண்ணைத் திறந்து சட்டநாதனைப் பார்த்தாள்.

சட்டநாதன் நிலையம்மையைப் பார்த்தார்.

முதலில் அவர் தொப்பை குலுங்கியது. பிறகு தோள். பிறகு ஆளே குலுங்கி, சிரித்துச் சிரித்து, மூன்றாம் படியிலிருந்து வழுக்கிச் சேற்றுத் தண்ணீரில் தொபீரென்று உட்கார்ந்தார். புளியோதரைப் பாத்திரத்தை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, சம்பந்தியம்மாளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.