எட்டி வளர்ந்த நாற்று

கொல்லிமலையில் இருபது நாளாக விடாத மழை. சுற்றியிருந்த ஊர்களில் நாற்றங்காலையெல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. ஆசிரமத்துத் தலைவி அமுதவல்லி அம்மா, “தக்காளி நாற்று நாங்கள் தருகிறோம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

தியானக் கூடத்தில் விதைத் தட்டுகளைப் பரப்பினார்கள். வெயிலுக்குப் பதில் விளக்கு; அந்தப் பொறுப்பு சீடர் மருதப்பனுக்கு. மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறியவர். குருவான அம்மாவைவிட அவருக்கு வயது அதிகம்.

“விளக்குன்னா உசரத்துலதான் இருக்கணும்” என்று டியூப் லைட்டுகளை உத்தரத்தில் கட்டினார்.

முளைத்த ஆறாம் நாள் ஓடிவந்தார்.

“அம்மா! ஒரு விரல் நீளம் வளர்ந்துடுச்சு!”

அம்மா வந்து பார்த்தார். வெளிறிய தண்டுகள், நூல் மாதிரி. பாதி சாய்ந்து கிடந்தன.

“உக்காருங்க ஐயா.”

அவர் உட்கார்ந்தார். அம்மா கூடத்தின் அந்தக் கோடிக்குப் போய் அமர்ந்து, ஏதோ முணுமுணுத்தார்.

மருதப்பன் காதைக் கொடுத்தார். கழுத்தை நீட்டினார். பிறகு முட்டிபோட்டு எம்பினார்.

“ஒண்ணும் கேக்கலையேம்மா!”

“அடேயப்பா, எவ்வளவு வளர்ந்துட்டீங்க!”

ஒரு கணம் விழித்தார். தட்டைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

சாயங்காலத்துக்குள் விளக்குகள் கயிற்றில் இறங்கின. நாற்றின் தலைக்கு மேல் நாலு விரல் இடைவெளி. இரவில் அணைத்தார்கள், விடிந்ததும் போட்டார்கள். புதிதாக விதைத்தவை குட்டையாக, கரும்பச்சையாக எழுந்தன.

பழைய தட்டுகள் மட்டும் மூலையில் கிடந்தன. ஒருநாள் மருதப்பன் அவற்றை எருக்குழிக்குத் தூக்கினார். வாசலில் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்த அம்மாவைக் கண்டு நின்றுவிட்டார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். லீவு கிடைச்சா போதும், ஒவ்வொரு மடமா ஓடுவேன். எந்தச் சாமியார் என்ன சொல்வார்னு எட்டி எட்டிப் பார்த்தே வயசு போச்சு. அத்தனையும் வீண்தானா?”

அம்மா தட்டை வாங்கிக் கீழே வைத்தார். ஒரு பையில் மண்ணை ஆழமாகத் தோண்டி, நீண்ட நாற்று ஒன்றை உள்ளே இறக்கினார். தண்டு முழுக்க மண்ணுக்குள் போயிற்று. மேலே இலை மட்டும் தெரிந்தது.

“தண்டை இப்படிப் புதைக்கலாமா?”

“தக்காளித் தண்டு மண்ணுக்குள்ள போனா வேர் விடும் ஐயா.”

“இவ்வளவு நீளமுமா?”

அம்மா அடுத்த பையை அவர் கையில் கொடுத்தார்.

“அவ்வளவும் வேர்தான்.”