நாணல்குடி மருந்துச்சாலை

முன்னொரு காலத்திலே செங்கானல் நாட்டை உத்தமசேனன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் மழை, நினைத்தால் வெயில். காலையில் பட்டு போர்த்திக் கௌரவித்தவனைச் சாயங்காலம் சிறையில் தள்ளுவான். அவனுடைய மந்திரி குணவீரர். ராஜா அவர் சொல்லுக்குக் காது கொடுப்பதைக் கண்டால் பண்டகசாலைத் தலைவர் வச்சிரநாதருக்கு வயிறு எரியும்.

அந்நாட்டில் ஊருக்கு ஊர் மருந்துச்சாலை உண்டு. ஆண்டுதோறும் அரண்மனையிலிருந்து மருந்து வண்டி போகும். வச்சிரநாதரின் ஆட்கள் அலமாரித் தட்டிலிருக்கும் பழைய மருந்தைக் கொட்டிவிட்டுப் புதியதை அடுக்கி வருவார்கள்.

நாணல்குடி சதுப்பு நிலத்து ஊர். விரியன் பாம்பு அதிகம். அங்கே மருத்துவச்சி சேந்தி, மழைக்காலத்தில் மட்டும் கிடைக்கும் ஒரு வேரை அரைத்து விஷமுறி செய்து, அரண்மனை ஜாடிகளோடு வைத்திருந்தாள். அந்த வருஷம் வந்த ஆட்கள் அதையும் சேர்த்துக் கொட்டிவிட்டார்கள். அறுவடையின்போது நெசவாளி ஒருவரின் மகளைப் பாம்பு தீண்டியது. பொழுது சாய்வதற்குள் பெண் போய்விட்டாள்.

வழக்கு சபைக்கு வந்தது. அரண்மனை முத்திரை இல்லாத மருந்தை இனி எந்த ஊரிலும் வைக்கக்கூடாது, வைத்ததால்தான் குழப்பம் என்று வாதாடினார் வச்சிரநாதர். ராஜாவும் தலையாட்டினான். சேந்தியும் சபையோரத்தில் நின்றிருந்தாள். குணவீரர் அவள் முகத்தைப் பார்த்தார். வாதத்தால் ராஜாவை அசைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அந்த ஆணையில் ராஜா முத்திரை வைக்குமுன் சில நாள் அவகாசம் மட்டும் கேட்டு வாங்கினார்.

பிறகு வச்சிரநாதரிடம் போய், ராஜாவின் பூஜையறைச் சாமான்களையும் அதே முறைப்படி புதுப்பித்துத் தரும்படி கேட்டுக்கொண்டார். பெருமை பிடிபடாமல் வச்சிரநாதர் ஆட்களை அனுப்பினார். பழைய விளக்கும் தட்டும் வெளியே வந்தன. அவற்றோடு, ராஜாவின் தாயார் ஆற்றங்கரையில் எடுத்துக் கொடுத்த ஒரு கூழாங்கல் பிள்ளையாரும் குப்பைக்குப் போனார். வாசலில் காத்திருந்த குணவீரர் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். தலை தப்புமா என்ற பயம் அவருக்கும் இருந்தது.

மறுநாள் ராஜா சபையில் கேட்டான்: "என் அம்மா கொடுத்த பிள்ளையாரை எடுத்தது யார்?"

வச்சிரநாதர் முன்னே வந்தார். "முத்திரை இல்லாத கல், மகாராஜா. ஆட்களுக்குத் தெரியவில்லை."

குணவீரர் கல்லை ராஜாவின் கையில் வைத்தார். "ஏவியவன் நான். தண்டனை எனக்கே. ஆனால் மகாராஜா, பிள்ளையார் திரும்பி வந்துவிட்டார். நாணல்குடிப் பெண் வரமாட்டாள்."

ராஜா கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிறகு, அப்படியானால் இனி எதையும் கொட்ட வேண்டாமா என்று கேட்டான்.

"கொட்டாவிட்டால் கெட்ட மருந்து கொல்லும். இடத்தைப் பிரித்துவிடுங்கள். அரண்மனை அனுப்புவது அரண்மனைத் தட்டில் இருக்கட்டும். அதை நம் ஆட்கள் மாற்றட்டும். ஊரார் சேர்ப்பதற்குத் தனி அறை. அதில் நம் கை படக்கூடாது."

"எங்கள் தட்டில் மருந்தை வைத்தது சேந்தியின் பிழையில்லையா?" என்றார் வச்சிரநாதர்.

"பிழைதான். வேறு இடம் நாம் கொடுத்தோமா?"

ஓரமாக நின்றிருந்த சேந்தி அப்போதுதான் அழுதாள்.

இன்னும் முத்திரை வைக்காதிருந்த அந்த ஆணையை ராஜா கிழித்தான். ஊர்தோறும் தனி அறை எழுப்பச் சொல்லி, நாணல்குடி அறைக்கு வச்சிரநாதரே மண் சுமக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தான். மந்திரிக்குத் தன் கழுத்து மணிமாலையைப் போட்டான். அவர் அதைச் சபையிலேயே கழற்றி, நெசவாளியின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அடுத்த ஆண்டு வண்டி வந்தது. ஆட்கள் தங்கள் தட்டைத் துடைத்து அடுக்கிவிட்டு, ஊர் அறையைத் தொடாமல் போனார்கள். அந்த அறுவடையிலும் ஒருவனைப் பாம்பு கடித்தது. இரண்டாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான்.